தனிக்கோழியும் புதுக்குஞ்சுகளும்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பர் நம் முன்னோர். இம்முதுமொழியை நாம் வகுப்பறையில் பலமுறை எழுதச் சொல்கிறோம். மாணவச் செல்வங்களும் அழகாக எழுதித் தருகின்றனர். ஆயினும், கூடி வாழ்தல் என்பது தானாக அமைந்துவிடுவதன்று, அதனைப் பொறுமையோடு அமைத்துத் தருவோர் ஒருவர் வேண்டும் என்னும் உண்மையை நாம் அத்துணை அழுத்தமாகச் சொல்வதில்லை. இவ்வுண்மையை விளக்கப் பெரிய வரலாறுகளைத் தேட வேண்டுவதில்லை. வீட்டின் பின்புறத்தில் தனித்துத் திரியும் ஒரு பெட்டைக்கோழியும், சந்தையிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் நான்கு குஞ்சுகளுமே போதும்.

நம் கெடா மாநிலத்தில் கோழி வளர்ப்பு புதியதன்று. பால்மரக் காடுகளின் நடுவே லயங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார், வாசலில் ஒரு முருங்கையும் கொல்லையில் நாலு கோழியும் இல்லாமல் குடும்பம் நடத்தியதில்லை எனலாம். இன்று பால்மரங்கள் நின்ற இடங்களிற் பல செம்பனையாக மாறிவிட்டன. தோட்டத்து மக்களும் பலர் சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் முதலிய பட்டணங்களின் தாமான்களில் குடியேறிவிட்டனர். எனினும் கோழி வளர்க்கும் ஆசை நம்மை விட்டு நீங்கவில்லை. 2022-ஆம் ஆண்டில் கோழி இறைச்சிக்கு நாட்டில் தட்டுப்பாடு நேர்ந்தபோது, மாதந்தோறும் 36 இலட்சம் கோழிகள் வரை வெளிநாடு சென்றுகொண்டிருந்த ஏற்றுமதியை, அவ்வாண்டு ஜூன் முதல் நாள் தொட்டு அரசு நிறுத்தி வைத்தது. அந்நாட்களில், நம் வீட்டிலும் நான்கு கோழிகள் இருந்தால் நலமாயிருக்குமே என்று எண்ணாத இல்லத்தரசியர் மிகச் சிலரே இருந்திருப்பர்.

ஆனால் நடப்பது யாது? ஆறு கோழிகளோடு தொடங்கிய வளர்ப்பில், மரநாய் கவ்விச் சென்றது போக, கழிச்சல் கொண்டு போனது போக, விருந்தினர்க்கு அறுத்தது போக, இறுதியில் எஞ்சி நிற்பது ஒரே ஒரு பெட்டை. அதன் தனிமையைக் கண்டு இரங்கிய பிள்ளைகள், குஞ்சு வாங்கித் தருமாறு பெற்றோரை வேண்டுகின்றனர். குஞ்சுகளும் வந்து சேர்கின்றன. வந்த அன்றே அவற்றைக் கோழியின் முன்னே விட்டு, "பழகிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு நாம் உள்ளே போய்விடுகிறோம். மறுநாட் காலையில் குஞ்சு ஒன்று மண்டை கிழிந்து கிடக்கிறது. பிள்ளையோ கதறி அழுகிறது.

நம் கருத்து இதுதான். கோழியைத் தனியே விடுதலாகாது; அதே வேளையில், புதுக்குஞ்சுகளை அதன்முன் எறிந்துவிட்டு விலகுதலும் ஆகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில வாரங்களின் உழைப்பு வளர்ப்போருடைய கடமையாகும். அந்த உழைப்புக்கு மனமில்லாதார் குஞ்சு வாங்காதிருத்தலே நன்று.

கோழி கூட்டத்துப் பறவை

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. அது நம் நாட்டுக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களிலும் இன்றும் வாழ்கிறது. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, தென்மேற்குச் சீனம், வடதாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழி இனமே நம் வளர்ப்புக்கோழிகளுக்கு மூலம் என்று காட்டியது. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த, கி.மு. 1650 முதல் 1250 வரையிலான காலத்து எலும்புகளே உறுதியாக வளர்ப்புக்கோழியுடையவை எனக் கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழையவை என்று கூறியது. நெல்லும் தினையும் விளைந்த நிலங்களில் சிந்திய தானியத்தை நாடியே காட்டுக்கோழி மனிதனை அண்டியது என்பது அவ்வாய்வாளரின் முடிபு. நாட்டின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற கெடாவில் வாழும் நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. அறுவடை முடிந்த வயலில் கோழிகள் மேயும் காட்சியை நாம் காணாததன்று.

காட்டிலிருந்து நெடுந்தொலைவு வந்துவிட்டபோதிலும் கோழி தன் காட்டுக் குணத்தை விட்டுவிடவில்லை. அது கூட்டமாக மேயும். கூட்டமாகப் புழுதியில் குளிக்கும். இரவில் ஒன்றோடொன்று ஒட்டி அமர்ந்து உறங்கும். வானில் பருந்து வட்டமிட்டால் ஒருவகையாகவும், தரையில் பகை வந்தால் வேறுவகையாகவும் சேவல் குரல் கொடுத்து எச்சரிக்கும். கூட்டத்தில் ஒன்று தலைநிமிர்ந்து பார்க்கையில் மற்றவை அமைதியாகக் கிளறித் தின்னும். தனித்த கோழிக்கோ காவலும் தானே, மேய்ச்சலும் தானே. ஆதலின், அதற்குத் துணை தேடும் பிள்ளைகளின் இரக்கம் முற்றிலும் நியாயமானதே. அவ்விரக்கம் முறையறிந்து செயற்பட வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

கொத்தும் வரிசை

நார்வே நாட்டில் 1894-ஆம் ஆண்டில் பிறந்த தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே என்பார், சிறுவராய் இருந்தபோதே கோழிகளை உற்று நோக்கிக் குறிப்பெழுதும் பழக்கம் உடையவர். ஒரு கூட்டத்தில் எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது, எது எதற்கு வழிவிடுகிறது என்பதை அவர் பொறுமையோடு குறித்து வந்தார். அந்த நோட்டத்தின் பயனாக விளைந்த ஆய்வை அவர் 1922-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 'கொத்தும் வரிசை' என்று இன்று உலகெங்கும் அறியப்படும் கருத்து அதிலிருந்தே பிறந்தது. ஒவ்வொரு கோழிக்கும் கூட்டத்தில் ஒரு படி உண்டு. மேற்படியிலுள்ளது கீழ்ப்படியிலுள்ளதைக் கொத்தலாம். கீழுள்ளது திருப்பிக் கொத்துவதில்லை. படிகள் ஒருமுறை முடிவாகிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும். புதிதாக ஒன்று வந்து சேருமானால், அதன் படி முடிவாகும் வரை மீண்டும் கொத்துதல் நிகழும்.

இளமையிலேயே கூர்ந்து நோக்கும் பழக்கம் ஓர் அறிஞரை உருவாக்கிற்று என்பதை நம் மாணவர்கள் இங்கே மனங்கொள்ள வேண்டும். அவர் நோக்கியது வீட்டுக்கோழியைத்தான். அது நம் கொல்லையிலும் நிற்கிறது அன்றோ?

இனி, தனிக்கோழியின் நிலையை நோக்குவோம். அந்தக் கொல்லை முழுவதும் அதனுடையது. தீவனத் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் அதனுடையவை. அங்கே திடீரென நான்கு சின்னஞ்சிறு உயிர்கள் கீச்சிட்டுக்கொண்டு ஓடினால், அவற்றைத் தன் இனமென்று அது வாழ்த்தி வரவேற்குமா? அன்னியரென்றே எண்ணிக் கொத்தும். வளர்ந்த கோழி ஒன்றையொன்று கொத்தினால் இறகு உதிரும்; இரண்டு நாட் குஞ்சைக் கொத்தினால் உயிர் போகும். இதில் கோழியின் குற்றம் ஏதுமில்லை. அதன் இயல்பை அறியாத வளர்ப்போரே இதற்குப் பொறுப்பாவர்.

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று கேட்போர் உளர். சாகாதுதான், ஆனால் அப்பழமொழி தாய்க்கோழியைப் பற்றியது என்பதை மறந்துவிடலாகாது. இருபத்தொரு நாள் அடைகாத்த தாய், முட்டை பொரியுமுன்பே ஓட்டினுள் இருக்கும் குஞ்சுக்குக் குரல் கொடுக்கிறது. உள்ளிருக்கும் குஞ்சும் மறுகுரல் கொடுக்கிறது. அத்தகைய உறவு முன்பின் அறியாத பெட்டைக்கு எங்ஙனம் வரும்?

அடைக்கோழி கிடைத்தால் நற்பேறு

பெட்டை அடையிருக்கும் காலமாயின் வளர்ப்போர்க்குப் பாதி வேலை குறையும். அக்காலத்தில் கோழியின் உடலில் சுரக்கும் ஒருவகைச் சுரப்புநீர் அதனைத் தாய்மைக்கு ஆயத்தப்படுத்துகிறது. கூட்டை விட்டு எழ மறுத்து, இறகைச் சிலிர்த்து உறுமி, மூன்று வாரம் நெருங்க அடையிருந்த கோழி பிறர் குஞ்சையும் தன் குஞ்சாக ஏற்கும் வாய்ப்பு மிகுதி. நன்கு இருட்டிய பின், ஓசையின்றிச் சென்று, அது அடைகாத்த முட்டைகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குஞ்சாக அதன் வயிற்றின் கீழ் வைத்தல் வேண்டும். பொழுது புலருமுன் எழுந்து பார்த்தல் இன்றியமையாதது. 'கொக் கொக்' என்று மெல்லழைப்பு விடுத்து இறகை விரித்துக் காத்தால் ஏற்றுக்கொண்டது என்று அறியலாம். கொத்தினால் உடனே குஞ்சுகளைப் பிரித்துவிட வேண்டும்.

இதில் குஞ்சின் வயதும் முக்கியம். 1873-ஆம் ஆண்டில் டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் ஆங்கிலேயர், புதிதாய்ப் பொரிந்த குஞ்சுகள் தாம் முதலிற் காணும் அசையும் பொருளைப் பின்தொடர்வதைக் கண்டு எழுதினார். ஏறக்குறைய நான்கு நாள் கண்களை மூடிவைத்துப் பின்னர்த் திறந்த குஞ்சுகளோ அவரைக் கண்டு அஞ்சி ஓடின. எனவே, ஓரிரு நாட் குஞ்சு புதுத்தாயிடம் எளிதில் ஒட்டும். ஒரு வாரக் குஞ்சு ஒட்டாது. கோழி ஏற்றாலும் குஞ்சு ஏற்காமல் விலகி ஓடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முட்டைக்கென்றே பண்ணைகளில் உருவாக்கப்பட்ட கலப்பினக் கோழிகளில் அடையிருக்கும் குணம் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. அத்தகைய கோழியிடம் தாய்மையை எதிர்பார்த்தல் வீண். அடைக்குப் பெயர் பெற்றது நம் நாட்டுக்கோழியே.

அடையில்லாக் கோழியாயின்

அடையில்லாத கோழிக்கு வேறு வழி வேண்டும். குஞ்சுகள் இரண்டு மூன்றாவது இருத்தல் நலம். ஒற்றைக் குஞ்சு துணையின்றி வாடும், கொத்துக்கும் அதுவே முழு இலக்காகும். முதற்கண் அவற்றைத் தனிப்பெட்டியில் வைத்து வளர்க்க வேண்டும். முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் அவற்றுக்குத் தேவை. பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்து வரலாம். நம் ஊர் வெயில் பகலில் பெரிதும் உதவும். ஆயினும் மழை இரவுகளில் விளக்கு வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்துக் கிடந்தால் குளிர் என்றும், விலகி வாய்பிளந்து நின்றால் வெம்மை மிகுதி என்றும் அறிக. பலகை வீடுகளில் விளக்கு விழுந்து தீப்பற்றாதவாறு அதனை உறுதியாகக் கட்டுதல் பெரியோர் கடமை; இவ்வேலையைச் சிறுவரிடம் விடலாகாது.

ஐந்தாறு வாரங்களில் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிடும். அதன்பின் கொல்லையிலேயே கம்பி வலையால் ஒரு தடுப்பு அமைத்து, குஞ்சுகளை ஒருபுறமும் கோழியை மறுபுறமும் விடலாம். காணலாம், தொடலாகாது என்பதே இக்காலத்து விதி. கோழி முதலில் வலையருகே வந்து சீறும். சில நாட்களில் பொருட்படுத்தாமல் மேயும். பின்னர் வலையோரம் படுத்தும் இளைப்பாறும். இம்மாற்றத்தைக் கண்டு நாட்குறிப்பு எழுதுவது மாணவர்க்கு நல்லதோர் அறிவியற் பயிற்சியாகும்.

குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு வாரத்தை எட்டி, உருவில் கோழியை நெருங்கிய பின்னரே தடுப்பை நீக்க வேண்டும். அதற்குப் பள்ளி விடுமுறை நாளொன்றின் காலைப் பொழுதைத் தேர்ந்துகொள்க. அன்று முழுவதும் யாரேனும் அருகிலிருத்தல் வேண்டும். தீவனத் தட்டு இரண்டு, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, அவையும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருத்தல் நன்று. இளையவை ஓடி ஒளியப் பழைய பலகையோ, கவிழ்த்த கூடையோ போட்டு வைக்கலாம். கூட்டினுள் பொருள்களை இடம் மாற்றி வைத்தால், 'இது என் இடம்' என்னும் கோழியின் உறுதி சற்றுத் தளரும். ஓரிரு கொத்தும் சிறு துரத்தலும் இயல்பு. அதில் நாம் தலையிட வேண்டுவதில்லை. ஆனால் குருதி கண்டால் அக்கணமே பிரித்துவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் கோழி மேலும் மேலும் கொத்தும் இயல்பினது.

உணவிலும் ஒரு நுட்பம் உண்டு. முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே, சேர்ந்து வாழும் காலத்தில் எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனமே கொடுத்து, கோழிக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கிளிஞ்சல் தூளாகவோ, பொடித்த முட்டையோடாகவோ தனிக் கிண்ணத்தில் வைத்தல் சிறந்தது.

நோயை மறவாதீர்

புதுக்குஞ்சைத் தனியே வைப்பதற்குச் சண்டை மட்டும் காரணமன்று, நோயும் காரணமாகும். நம் கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோகும் வெள்ளைக்கழிச்சல், 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் முதன்முதலாக அறியப்பட்டது. அந்நகரின் பெயரே அந்நோய்க்கும் அமைந்தது. 1980-களில் செர்டாங்கிலுள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தில் (இன்று அது புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம்) ஐனி இடரிஸ் முதலிய ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய அறிஞர்களோடு இணைந்து, வெப்பத்தைத் தாங்கக்கூடியதும் கிராமத்துக் கோழிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கத்தக்கதுமான தடுப்புமருந்தை உருவாக்க உழைத்தனர். ஏழை எளியோரின் கொல்லைக் கோழிக்காகவும் பல்கலைக்கழகம் உழைத்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கத் தக்கது. நாமோ, குஞ்சுகளை இரண்டு முதல் நான்கு வாரம் விலக்கி வைக்கும் சிறு முயற்சிக்கும் சோம்புகிறோம்! தடுப்பூசி குறித்துக் கால்நடைத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். குஞ்சைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், அதனை முகத்தருகே கொண்டுபோகாதிருத்தலும் மாணவர்கள் தவறாது கைக்கொள்ள வேண்டியவை.

பெரியோர் கூறும் மறுப்பு

"தோட்டத்தில் நாங்கள் இத்தனையும் பார்த்தோமா? திறந்து விட்டோம், அவையே வளர்ந்தன" என்று பெரியோர் சொல்லக்கூடும். அவர் கூற்றைப் புறக்கணிக்க நாம் துணியோம். அக்காலத்து லயத்துக் கொல்லைக்கு வேலியில்லை. துரத்தப்பட்ட குஞ்சு பால்மரத்தடிகளைச் சுற்றி ஓடித் தப்பும். கரையானும் புழுவும் எங்கும் கிடைக்கும். குஞ்சுகளும் பெரும்பாலும் தாயோடு வளர்ந்தவை. இன்றைய தாமான் வீட்டின் பின்புறமோ சிறியது, நாற்புறமும் சுவர். ஓடவும் இடமில்லை, ஒளியவும் இடமில்லை. இடம் மாறியபோது முறையும் மாறத்தான் வேண்டும். மேலும், அன்றும் குஞ்சுகள் பல மாண்டன. மிகுதியாக இருந்தமையால் நாம் கணக்கிடவில்லை, அவ்வளவே. தாமானில் வாழ்வோர் கோழி வளர்க்குமுன் உள்ளூராட்சி மன்றத்தின் விதிகளைக் கேட்டறிதலும், குஞ்சு சேவலாக வளர்ந்து கூவினால் அண்டை வீட்டார்க்குத் தொல்லையாகுமே என்று எண்ணிப் பார்த்தலும் வேண்டும்.

"எப்படியும் அறுக்கப் போகும் கோழிதானே" என்பாரும் உண்டு. உணவுக்காக வளர்ப்பது வேறு; உயிரோடிருக்கும் காலத்தில் துன்புற விடுவது வேறு. குஞ்சை விளையாட்டுப் பொருளாக வாங்கி, இரண்டு நாளில் சாகவிட்டு, மூன்றாம் நாள் மறந்துவிடும் பழக்கம் பிள்ளைகளின் நெஞ்சை மெல்ல மெல்ல மரத்துப்போகச் செய்யும். பெற்றோர் அஞ்ச வேண்டியது இதற்கே.

நமக்கு உரிய பாடம்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் பயிர் மாறியும் குடும்பங்கள் இடம்பெயர்ந்து வரும் இக்காலத்தில், ஆண்டின் நடுவே நம் வகுப்பறைகளிலும் புதுமுகங்கள் வந்து சேர்கின்றன. தோட்டத்துப் பள்ளியில் எட்டுப் பேரோடு படித்த பிள்ளை, பட்டணத்துப் பள்ளியில் முப்பது பேர் நடுவே வந்து நிற்கிறது. "பழகிக்கொள்ளும்" என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். அங்கும் ஒரு கொத்தும் வரிசை உண்டு. அங்கும் சிலர் மேற்படியில் நின்று கேலி செய்கின்றனர். அங்கும் ஓடி ஒளிய இடமின்றி ஒரு பிள்ளை மூலையில் அமர்ந்திருக்கிறது. கேலியால் வரும் காயத்தில் குருதி தெரிவதில்லை. ஆதலின் பிரித்துவிட வேண்டிய வேளையும் நமக்குத் தெரிவதில்லை.

கோழிக்கு வேறு வழியில்லை. அது இயல்பின்படி கொத்துகிறது. நமக்கோ பகுத்தறிவு உண்டு, மொழியும் உண்டு. புதிதாக வந்த பிள்ளைக்கு அருகில் இருக்கை கொடுக்கலாம். ஓய்வு நேரத்தில் உடனழைத்துச் சென்று உண்ணலாம். அதன் ஊரைக் கேட்டறியலாம். ஆசிரியர்கள் முதற்சில வாரங்கள் அப்பிள்ளைமீது தனிக்கண் வைக்கலாம். குஞ்சுக்கு ஆறு வாரம் பொறுத்திருக்கும் நாம் குழந்தைக்கு அதனினும் குறைவாகவா பொறுப்பது?

ஆகவே, மாணவமணிகளே, பெற்றோர்களே! தனிக்கோழிக்குத் துணை தேடுங்கள். தேடுமுன் பெட்டியும் விளக்கும் வலையும் ஆயத்தம் செய்யுங்கள். புதியவரைக் கூட்டத்தில் சேர்ப்பது ஒரு நாள் வேலையன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கோழியாயினும் குழந்தையாயினும், காத்திருந்து சேர்த்த உறவே நிலைக்கும்.